மண்புழுத் திருட்டு

"என்னக்கா பண்றீங்க?"

விடிந்தும் விடியாத வேளை. டீச்சர் வீட்டு உரக்குழியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அம்மா பதறி எழுந்தார். கையில் இருந்த டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

டீச்சரா விடுவார்? எட்டிப் பார்த்தார். டப்பா நிறைய மண்புழு.

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காய்கறித் தோலும் சருகும் போட்டு, வெயிலில் காயாமல் தண்ணீர் தெளித்து, பிள்ளை மாதிரி வளர்த்த குழி அது. நேற்றுகூட இந்த அம்மாவின் கணவர், ரிட்டயரான பஸ் டிரைவர், "எங்க மண்ணுலயும் புழு வந்தாச்சு டீச்சரம்மா!" என்று வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பெருமையடித்தார். வந்த லட்சணம் இதுதானா?

"கேட்டா நானே அள்ளிக் குடுத்திருப்பேனே! திருடணுமா?"

"கேட்டா அவருக்குத் தெரிஞ்சு போயிடுமே டீச்சர்." அந்த அம்மா டப்பாவை முன்னால் கொண்டுவந்தார். "பொண்ணு செத்ததுலேர்ந்து மனுஷன் சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. டாக்டர் சொன்னாருன்னு தோட்டம் போட இறங்கினாரு. கொத்திப் பாத்தா கட்டாந்தரை. ஒரு புழு பூச்சி இல்ல. 'நம்ம வீட்டுல எந்த உசுரும் தங்காதுடி'ன்னு மண்வெட்டியைப் போட்டுட்டு உள்ள போயிட்டாரு."

டீச்சரின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மறுநாள் காலையில இங்கேர்ந்து நாலு புழுவைக் கொண்டுபோய் பாத்தியில போட்டேன். எனக்குப் புழுன்னாலே குமட்டும். இருந்தும் போட்டேன். பாத்துட்டுச் சிரிச்சாரு டீச்சர். அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாரு. ஆனா போடறது எதுவுமே தங்க மாட்டேங்குது. மறுநாள் கிளறினா ஒண்ணைக்கூடக் காணோம். அதான் தினம் வரேன்."

"கிளறினா எப்படிக்கா தங்கும்? மண்ணைக் கொத்தாம விடுங்க. ரசாயன உரத்தை நிறுத்துங்க. சருகை மெத்தை மாதிரி பரப்பி ஈரமா வச்சிருங்க. கூப்பிடாமலே வந்து சேரும். சாயங்காலம் நானே வந்து அவருக்குச் சொல்லித் தரேன். திருட்டைப் பத்தி மூச்சு விடமாட்டேன், போதுமா?"

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் சொன்னபடி டீச்சர் போனார். அந்த அம்மா கடைக்குப் போயிருந்தார். டிரைவர் மட்டும் பாத்தியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணிலிருந்து புழுக்களைப் பொறுக்கி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. புழு தங்காத மர்மம் இதுதானா! பாவம், அந்த அம்மா குமட்டலை அடக்கிக்கொண்டு கொண்டுவந்து போட, இந்த மனுஷன் பொறுக்கி எறிகிறாரே!

"என்ன சார் அநியாயம் இது? அது எப்படி வந்ததுன்னு தெரியுமா உங்களுக்கு?" கேட்டுவிட்டு, அடுத்து வாய்வரை வந்த திருட்டுக் கதையை மட்டும் டீச்சர் சட்டென்று விழுங்கினார்.

"தெரியும் டீச்சரம்மா. உங்க குழியிலேர்ந்து அவ எடுத்துட்டு வர்றது முதல் நாளே தெரியும்." டிரைவர் நிதானமாக எழுந்து, பின்னாலிருந்த இன்னொரு பாத்தியில் சருகை விலக்கிக் காட்டினார். அடியில் மண் கறுத்து, பொலபொலவென்று இருந்தது. எங்கே பார்த்தாலும் புழு.

"இவ்வளவா!"

"சருகு போட ஆரம்பிச்சதும் தானாவே வந்துடுச்சு. அவ பாக்கிற பாத்தியில மட்டும் தினமும் பொழுது சாயறப்போ பொறுக்கி, உங்க குழியிலயே கொட்டிடறேன்."

"வந்ததை ஏன் சார் மறைக்கணும்? சொன்னா அக்கா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க!"

டிரைவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பொண்ணு போன அன்னைக்குப் படுத்தவ டீச்சரம்மா. தலைகூட வாராம, போர்வைக்குள்ளயே கிடந்தா. எனக்காகப் புழு எடுக்கணும்னுதான் மறுபடி எந்திரிச்சா."