அடுத்த வரி

"நான் திரும்பிப் போகமாட்டேன்மா."

முதல் வரி நன்றாக வந்தது. அவளுக்கே தெரிந்தது.

அடுத்த வரிக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

மறந்துபோகவில்லை. பேருந்தில், குளியலறையில், சாப்பிடும் தட்டின் முன்னால் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்த வரிகள்தான். எல்லாம் உள்ளே இருந்தன. வாய்தான் திறக்கவில்லை.

கேமராவைப் பார்த்திருந்த தலை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது.

"கட். அங்க என்னம்மா இருக்கு?" என்றார் இயக்குநர்.

அங்கே ஒரு காலி நாற்காலி இருந்தது.

"ஒண்ணுமில்ல சார்."

அந்தப் பக்கம்தான் அம்மா இருப்பாள்.

சின்ன வயதில், குழந்தைகள் சேனலில் அவள் பூந்தி. இரட்டைக் குடுமி, மழலைப் பேச்சு. உதவி இயக்குநர் வசனத்தை எடுத்துக் கொடுத்தால் பூந்தி அழுவாள். அம்மா எடுத்துக் கொடுத்தால் அப்படியே திருப்பிச் சொல்வாள். கேமராவுக்கு இடது பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

அம்மா ஏற்ற இறக்கமில்லாமல் சொல்வாள். பூந்தி அதில் அழுகையோ சிரிப்போ சேர்த்துச் சொல்வாள். அம்மாவின் குரல் டப்பிங்கில் காணாமல் போய்விடும்.

பூந்தி வளர்ந்தாள். சேனல் வேறு பூந்தியைக் கண்டுபிடித்தது.

நாற்காலி மட்டும் கூடவே வந்தது. இரண்டு சீரியல்களில் யாருக்கோ தங்கை. அப்புறம் அதுவும் இல்லை. "முகம் இன்னும் பூந்தியாவே இருக்கே" என்றார்கள், போன இடத்திலெல்லாம். அம்மா அதற்கும் சிரித்துவிட்டு, அடுத்த கம்பெனிக்குப் போட்டோவை எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த வருஷம் ஆடிஷனுக்குக் கூப்பிட்டது இவர்கள் மட்டும்தான்.

படம் முழுக்க வரும் மகள் வேஷம். நடிக்கும்போதே குரலும் பதிவாகும். யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. கூட வந்தவர்கள் வெளியே இருக்கவேண்டும்.

அம்மா வெளியே இருந்தாள்.

"டென்ஷன் வேணாங்க" என்றான் கேமராவின் பின்னால் நின்ற உதவி இயக்குநர். "எங்க வீட்ல எல்லாரும் உங்க ஃபேன். அந்தப் பசி டயலாக் ஒரு தடவ சொல்லுங்களேன். ஃப்ரீ ஆயிருவீங்க."

அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார்.

"பூந்திக்குப் பதிக்குது" என்றாள், அதே பழைய மழலையில்.

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் இன்னொரு தடவையும் சொல்லியிருப்பாள்.

"சரிம்மா. கடைசியா ஒண்ணு எடுத்துப் பார்ப்போம்" என்றார் இயக்குநர். "வரலன்னா விட்ருவோம்."

கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"நான் திரும்பிப் போகமாட்டேன்மா."



நகத்தால் உள்ளங்கையைக் கீறினாள். வலித்தது. வார்த்தை வரவில்லை. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. தலை திரும்பக்கூடாது, திரும்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பியது.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"அடிச்சான்னு சொன்னா நம்பமாட்டே. தழும்பக் காட்டணுமா?"

மெல்லிய குரல். கதவோடு வாயை வைத்துச் சொன்ன குரல்.

அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"உன் வீட்ல ஒரு மூலை போதும்மா. படுத்துக்கிறேன்."

அதையும் சொன்னாள்.

"என்னைய அனுப்பிராதம்மா."

சொல்ல வாய் திறந்தவள் நின்றுவிட்டாள்.

அம்மா எப்போதும் ஏற்ற இறக்கமில்லாமல்தான் சொல்வாள். இந்தத் தடவை அப்படிச் சொல்லவில்லை. குரல் நடுவில் உடைந்து, தரையில் விழுந்து, மறுபடி எழுந்து வந்தது. ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் நின்றவளின் குரல்.



இயக்குநர் கட் சொல்லவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். அவர் பார்வை அவள்மேல் இல்லை. கதவின்மேல் இருந்தது.

"யாரது?" என்றார். தனக்குள் பேசுவதுபோல. "என்னமா சொல்றாங்க."

உதவி இயக்குநர் கதவை நோக்கி நகர்ந்தான்.

"நீ இருப்பா" என்றார். பிறகு அவளிடம், "அம்மா கேரக்டருக்கு மூணு மாசமா ஆள் தேடிட்டிருக்கேன். அவங்களக் கூப்பிடும்மா."

அவள் எழுந்தாள்.

கதவு வரை நடந்தாள். கதவின் அடியில் இரண்டு ரப்பர் செருப்புகள் தெரிந்தன. இடது செருப்பின் வார் ஊக்குப் போட்டு நிறுத்தியிருந்தது. அந்தச் செருப்புகள் இன்னும் கொஞ்சம் கதவை நெருங்கின.

கை கைப்பிடிக்குப் போனது.

அங்கிருந்து மேலே போனது.

தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் போட்டாள்.

திரும்பினாள். கேமராவில் சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இந்த முறை தலை எந்தப் பக்கமும் சாயவில்லை.

"வெளிய யாருமில்ல சார்" என்றாள்.