விழுந்தவன் முகம்

"இப்ப இன்னா ஓடுது?" என்று விமல் கேட்டான். தியேட்டர் இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்துப் பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ஐஸ் மலை மாமா. நீ ஏறிக்கினு இருக்க" என்றாள் இளவரசி, புருஷன் காதோடு.

வில்லியனூரில் மதியக் காட்சி. கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே இருக்கிற அவர்கள் குப்பமே வேன் பிடித்து வந்திருந்தது. மீனவன் ஒருவன் கடத்தல்காரர்களைத் துரத்தி இமயமலை ஏறும் கதை. கடற்கரைக் கறுப்புப் பையனை ஹீரோவாக்கிவிட்டோம் என்று படக்காரர்கள் பேட்டிக்குப் பேட்டி மார்தட்டியிருந்தார்கள்.

திரையில் தெரிந்த முகம் என்னவோ சாயம் பூசிய சிவப்பு நடிகருடையதுதான். குல்லாவுக்கும் கோட்டுக்கும் நடுவே தெரிந்த பிடரி, அவருக்கு டூப் போட்ட விமலுடையது. அதற்குச் சாயச் செலவு மிச்சம்.

இளவரசிக்குக் கதையும் வேண்டாம், ஹீரோவும் வேண்டாம். அவள் காத்திருந்தது ஒரே ஒரு சிரிப்புக்காக.

பிணமாக நடித்தவரை எழுப்பி, கேமராவைப் பார்த்து ஒரு தரம் சிரிக்க வைப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். கெட்டது ஒட்டாதாம். விமல் பனியில் பிணமாகக் கிடந்து நடித்தான். மறுநாள் குதிக்கும் காட்சியில் கயிறு அறுந்தது. தலையில் பட்ட அடியில் இரண்டு கண்ணும் போயின.

"உன்ன சிரிக்க வெச்சாங்களா இல்லியா? அத மட்டும் சொல்லு!" என்று ஆஸ்பத்திரியில் அவள் தலையில் அடித்துக்கொண்டு கேட்டாள்.

"வெச்சாங்கடி. முகத்துக்கு நேரா கேமரா வெச்சி எடுத்தாங்க. படம் முடிஞ்சி பேரு ஓடும்போது போடுவாங்களாம்" என்றான் அவன். அதற்குப் பிறகுதான் அவள் ஒரு வாய் சோறு தின்றாள்.

அந்தக் கண்கள் கடைசியாகச் சிரித்தது அந்தக் கேமராவுக்கு முன்னால்தான். இன்னொரு தரம் அவை தன்னைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

திரையில் கயிறு அறுந்தது. எடுத்ததை வீணாக்குவானேன் என்று விமல் நிஜமாக விழுந்ததையே போட்டிருந்தார்கள். நீளமாக ஓர் அலறல் கேட்டது. தியேட்டரே 'ஐயோ' என்றது.

"அது நான் கத்தினது இல்ல" என்றான் விமல் மெதுவாக. "எனக்குக் கத்தக்கூட நேரமில்ல."

அவன் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கின. தூக்கத்தில் கட்டில் சட்டத்தை இறுக்குவது போலவே இறுக்கின.

பனியில் பிணம் கிடந்தது. முகம் ஹீரோவுடையது. படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. செத்துக்கிடந்த ஹீரோ பனியை உதறி எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கூட்டம் கைதட்டியது.

அடுத்தது இவன்தான். இளவரசி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மேக்கப் போட்டவர் வந்தார். சோறு பொங்கியவர் வந்தார். நாய் கொண்டுவந்தவர் நாயோடு வந்தார். பிறகு திரை வெறுமையாகி விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

"இன்னா அரசி, முடிஞ்சிடுச்சா?"

அவள் அவன் கையைப் பிடித்தாள். "வந்துட்ட மாமா! ஸ்கிரீன் பூரா நீதான். கேமராவப் பாத்து எப்பிடி சிரிக்கிற தெரியுமா? கண்ணு ரெண்டும் அப்பிடியே என்னத்தான் பாத்துச்சி!"

விமல் திரைப் பக்கம் திரும்பவில்லை. கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவினான். அது நனைந்திருந்தது.

"என்ன யாருமே சிரிக்கச் சொல்லலடி" என்றான்.