பூக்கடை தாண்டியதும்

"பேசிக்கிட்டே நடங்க அண்ணே. நிறுத்திடாதீங்க," என்றாள் கேமராக் கடைக்கார உஷாராணி.

இருதயம் சட்டையில் கம்பியில்லாத கருப்பு மைக்கை மாட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு வெயிலில் இறங்கினார். அவர் மனைவி பிலோமினா கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து ஹெட்போனைப் போட்டுக்கொண்டாள்.

இது மூன்றாவது மைக். முதலாவதில் ஒரே காற்று இரைச்சல். இரண்டாவது வாசற்படி தாண்டியதுமே மூச்சை விட்டது. இன்றைக்கே ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று இருதயம் ஒற்றைக் காலில் நின்றார்.

ஓய்வு பெற்ற பிறகு குழாய் ரிப்பேர், ஃபிளஷ் டேங்க் ரிப்பேர் என்று வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பேசுவார், பிலோமினா போனைப் பிடிப்பாள். பார்த்த இருநூற்றுச் சொச்சம் பேரில் பாதிப் பேர் எழுதியது ஒன்றுதான். அங்கிள், தண்ணிச் சத்தம் நல்லா கேக்குது, உங்க சத்தம்தான் கேக்கல.

அதில் பிலோமினாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம். காரணம் இல்லாமல் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை ஞாயிறு தமிழ்ப் பூசையில் வாசகம் வாசித்தவள் அவள். ஒரு ஞாயிறு, "நித்திய வாழ்வு" அவள் வாயில் "நித்திய வாள்வு" ஆகிவிட்டது.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்தில் இருதயம் எழுந்து நின்று, முப்பது பேர் முன்னால், வாள் சுழற்றுவது போலக் கையை வீசி அதை நடித்துக் காட்டினார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். அடுத்த வாரமே வாசிப்பவர் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் தொண்டை சரியில்லை என்றாள்.

அவருக்கு அது உறைத்ததா, இல்லையா? கேட்க ரோஷம் விடவில்லை. 'தப்புதான்' என்று ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் போதும் என்று மூன்று வருடமாகக் காத்திருந்தாள்.

"ஒன்னு, ரெண்டு, மூணு..."

முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவர் குரல் இத்தனை பக்கத்தில் வந்ததில்லை. மூச்சு வாங்குவது கூடக் கேட்டது.

இருபது வரை எண்ணினார். அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். முறுக்குக் கடை. பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். "லோரிய எங்க போட்டிருக்கான் பாரு லா, நடு ரோட்டுல."

நாலு பேர் இருந்தால் அவர் பெரிய நடிகர். வீட்டில் அவளும் அவரும் மட்டும் என்றால், சாப்பாடு ஆச்சா, விளக்கை அணை, அவ்வளவுதான் பேச்சு. அப்படிப்பட்ட மனுஷன் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று பிலோமினாவுக்கு ஆவலாகிவிட்டது. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பூக்கடைய தாண்டிட்டேன்."

அதற்குப் பிறகு செருப்புச் சத்தம் மட்டும். கட்டாகிவிட்டதோ என்று அவள் உஷாராணியைப் பார்த்தாள். உஷாராணி மேசையிலிருந்த ரிசீவரைத் திருப்பிக் காட்டினாள். சின்னத் திரையில் பச்சைக் கோடுகள் முழுசாக நின்றன.

"பிலோ."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உன் தொண்டைக்கு ஒன்னும் இல்லன்னு எனக்குத் தெரியும். கோயில்ல அன்னிக்கு யாரும் கவனிக்கவே இல்ல. நான்தான் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். தப்புதான் பிலோ. சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். உன் முகத்தப் பாத்தா வர மாட்டேங்குது."

பிலோமினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிரே அலமாரியில் அடுக்கியிருந்த கேமராப் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் என்னவென்று தெரியாத உஷாராணிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கையிலிருந்த கேபிளைச் சுற்றாமல் பிலோமினாவின் முகத்தையே பார்த்தாள்.

காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. மனசு குளிர்ந்துதான் போயிற்று. ஆனால் குளிர்ந்த கையோடு ஒன்று உறுத்தியது. கேலி செய்தது முப்பது பேர் முன்னால். மன்னிப்பு மட்டும் காதுக்குள் ரகசியமாகவா?

இருதயம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். அதற்குள் கடையில் ஐந்தாறு பேர் சேர்ந்திருந்தார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"கேட்டுச்சா?"

"பூக்கடை வரைக்கும் நல்லா கேட்டுச்சு. தாண்டினதும் போச்சு. ஒன்னுமே கேக்கல."

தன் சரக்கின் மேல் வீண்பழி விழுவதைப் பார்த்து உஷாராணி வாயைத் திறந்தாள். பிலோமினா மெதுவாகக் கையை நீட்டி, ரிசீவரின் திரையை உள்ளங்கையால் பொத்தினாள். உஷாராணி வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப வேற மைக் பாப்போம்," என்றார் இருதயம். அவர் முகத்தில் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம்.

"பாக்கலாம். அங்க என்ன சொன்னீங்க, அதச் சொல்லுங்க முதல்ல."

அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்கயா?" குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"இங்கதான். சத்தமாச் சொல்லுங்க. மைக்தான் வேலை செய்யலையே."