ஆளுக்குப் பதினேழு நிமிஷம்

“ஸ்டேஷனுக்கு ஆறே நிமிஷமா? அப்ப இந்த வீடு வேண்டாம்!” என்றார் வாத்தியார்.

தரகருக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக வீடு காட்டுகிறார். தூரம் என்று தட்டிக்கழித்தவர்கள் ஏராளம். பக்கம் என்று தட்டிக்கழித்தவரை இன்றுதான் பார்க்கிறார்.

“சார், நீங்க தினமும் ரயில்ல வடக்கே காலேஜுக்குப் போக வேண்டியவர். கடைசி வாய் காப்பியை வீட்ல குடிச்சிட்டே வண்டியைப் பிடிக்கலாம். கசக்குதா?”

“எனக்கு ஆறு நிமிஷம். இவங்க தெற்கே போற பஸ்ஸைப் பிடிக்க இருபத்தெட்டு நிமிஷம் நடக்கணும். நியாயமில்லையே!”

பக்கத்தில் நின்ற பல் டாக்டரம்மா தலையசைத்தார். “ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறையன்னு இருக்கக் கூடாதுங்க. நாளைக்கு யாரும் தூரத்தைச் சாக்கு சொல்லிடக் கூடாது பாருங்க.”

வடக்கே ஒரு நகரத்தில் அவர் வேலை, தெற்கே ஒரு நகரத்தில் இவர் வேலை. நட்டநடுவே இந்த ஊர். இங்கேதான் மகளின் பள்ளிக்கூடம். எட்டு வயசு. வீட்டில் கூப்பிடுகிற பெயர் வாலு. தினமும் ஒரு மணி நேரம் குலுங்கிக்கொண்டு வந்து, முதல் பீரியடிலேயே பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிடுகிறதாம். “இப்படியே போனா படிப்பு போயிடும்” என்று டீச்சர் இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிற தூரத்தில், இந்த மாதத்துக்குள் வீடு அமைந்தாக வேண்டும்.

“இப்ப எங்கே குடியிருக்கீங்க?” என்று கேட்டிருந்தார் தரகர்.

“வடக்கே ஒரு வாடகை வீடு, தெற்கே ஒரு வாடகை வீடு.”

வேலை மனுஷனை என்ன பாடுபடுத்துகிறது என்று உச்சுக்கொட்டினார் தரகர்.

இரண்டாவது வீடு பஸ் நிலையத்துக்குப் பின்வாசல் மாதிரி. அதை டாக்டரம்மா வேண்டாம் என்றார். மூன்றாவது, பள்ளிக்கூடத்துக்கு நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டும் என்று இருவருமே வேண்டாம் என்றார்கள். தரகர் அசரவில்லை. நல்ல சரக்கை முதலில் அவிழ்த்தால் அதற்கும் நொட்டை சொல்வார்கள் என்பது அவருக்குத் தொழில் கற்றுத்தந்த பாடம். நாலாவது வீட்டைத் திறந்தார்.

இருவரும் உள்ளே கூட வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாத்தியார் ஸ்டேஷன் பக்கமும் டாக்டரம்மா பஸ் நிலையத்துப் பக்கமும் நடையைக் கட்டினார்கள்.

ஜன்னலோரம் வாலு நின்றது. முதுகில் அதன் பாதி உயரத்துக்கு ஒரு பை. நாலு வீடு ஏறி இறங்கியும் அதைக் கழற்றவில்லை.

“ஞாயித்துக்கிழமையும் புஸ்தகமா? இறக்கி வை தாயி, தோள் கழண்டுடப் போகுது.”

“பழகிடுச்சு மாமா. புஸ்தகம் மட்டும் இல்ல. ரெண்டு கவுன், சீப்பு, பிரஷ், அப்புறம் கரடி.”

“கரடியா? அதுக்கு எதுக்கு ஊர்வலம்?”

“அது தனியா தூங்காது.”

தரகர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

போன் அடித்தது. “பதினேழு நிமிஷம்” என்றார் வாத்தியார். வைப்பதற்குள் டாக்டரம்மா அழைத்தார். “பதினேழு!”

இருவரும் மூச்சு வாங்கத் திரும்பி வந்ததும் தரகர் கைகூப்பினார். “விலைக்குப் பேரம் பேசறவங்களைத்தான் பாத்திருக்கேன். நிமிஷத்துக்குப் பேரம் பேசி, அதையும் விட்டுக்கொடுத்துப் பேசறவங்களை இப்பத்தான் பாக்கறேன். பத்திரம் யார் பேர்ல போடலாம்?”

“நீங்க சொல்லுங்க.”

“இல்ல, நீங்களே சொல்லுங்க.”

“பொண்ணு பேர்ல” என்றார்கள் ஒரே குரலில்.

என்ன மரியாதை, என்ன ஒற்றுமை! நல்ல நாளிலேயே தன்னை ‘இந்தாய்யா’ என்று கூப்பிடும் தன் வீட்டுக்காரியை நினைத்துப் பெருமூச்சு விட்டார் தரகர்.

“அறை எப்படிங்க, பத்துமா?”

“ஜன்னல் இருக்கறது இவளுக்கு. பெரியவங்களுக்கு இன்னொண்ணு போதும்” என்றார் வாத்தியார். “அதுல ரெண்டு பீரோ வைக்க இடம் வேணும். தனித்தனிப் பூட்டோட.”

நகை இருக்கும் போல என்று கணக்குப் போட்டுக்கொண்டார் தரகர். “அப்ப முடிச்சிடலாம். வாசல் பூட்டுக்கு ஆளுக்கொரு சாவி போடச் சொல்லிடறேன்.”

“ஒண்ணு போதும்” என்றார் டாக்டரம்மா.

“அதெப்படிம்மா? நீங்க ஒரு நேரம், சார் ஒரு நேரம் வருவீங்க. ஒருத்தர் வாசல்ல தேவுடு காக்கணுமே!”

“ஒரே வாரத்துல ரெண்டு பேரும் இங்கே இருக்க மாட்டோம். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் சாவியைக் கைமாத்திக்குவோம்.” டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்களுக்கு விவாகரத்து ஆகி ரெண்டு வருஷமாச்சுங்க.”

தனித்தனிப் பூட்டு எதற்கென்று தரகருக்கு இப்போதுதான் உறைத்தது.

வாத்தியார் குனிந்து, மகளின் முதுகிலிருந்த பையைக் கழற்றித் தரையில் வைத்தார். “ஒரு வாரம் அம்மா ஊரு, ஒரு வாரம் அப்பா ஊருன்னு நீ இதைத் தூக்கிட்டு அலைஞ்சது போதும்டா. இனிமே தூக்கறது எங்க முறை.”

வாலு பையைத் திறந்தது. கரடியை எடுத்து ஜன்னல் திட்டில் உட்கார வைத்து, வெளியே தெரு தெரிகிறதா என்று அதன் தலையைத் திருப்பிப் பார்த்தது. பிறகு இருவரையும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டது:

“முதல் வாரம் என் வீட்டுக்கு யார் வரீங்க?”