ஐந்தாவது குழி

நட்டு இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது.

வேர் இன்னும் மண்ணைப் பிடித்திருக்காது. ஒரு கையால் இழுத்தால் வந்துவிடும்.

அவள் வாளியோடு சுற்றுச்சுவரோரம் நின்றாள். சுவரில் பூச்சு வேலை பாக்கி இருந்தது. புதுமனை புகுவிழாவுக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் நிலைப்படியில் காய்ந்து சுருண்டிருந்தது.

மாவுக்கு ஊற்றினாள். கொய்யாவுக்கு. நெல்லிக்கு. முருங்கைப் போத்துக்கு, உச்சியில் அப்பியிருந்த சாணி கரையாமல், அடியில் மட்டும்.

ஐந்தாவது குழிக்கு வந்தபோதும் வாளியில் தண்ணீர் இருந்தது.

அதைக் கொண்டுபோய்க் கொய்யாவுக்கே மறுபடியும் ஊற்றினாள்.

சுதாகர் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவள் கணவன். இடுப்பில் பாப்பா. ஒற்றைக் கையால் வாளியை வாங்கி, நிரப்பி வந்து, ஐந்தாவதற்கும் ஊற்றினான்.

"ஓரவஞ்சனை பண்ணாத. இதுவும் நம்ம பிள்ளைதான்."

மஞ்சள் அரளி.

நேற்றே சொல்லிப் பார்த்தாள். பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது என்று. சுற்றிக் கம்பிவலை கட்டிவிடலாம் என்றான் சுதாகர். அரசாங்கமே ரோட்டுக்கு நடுவில் அரளியைத்தான் வளர்க்கிறது, போகிறவன் வருகிறவன் எல்லாம் பிய்த்தா தின்கிறான் என்றான். ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர்கூடக் கேட்காது, தினமும் சாமிக்குப் பூ ஆச்சு என்றார் மாமியார். தாவரவியல் படித்த பெண் செடிக்குப் பயப்படுகிறாள் என்று இருவரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள்.

இன்று விடிந்ததும் கேட்டைத் திறந்தே வைத்தாள்.

ஆடு வந்தது. நெல்லியின் நுனியைக் கடித்துவிட்டுப் போனது. அரளி அப்படியே இருந்தது.

கல்லூரியில் அரளிக் குடும்பத்துப் பாடம் நடந்த வாரம் அவள் போகவில்லை. தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. விட்டுவிட்டாள்.

அவள் வளர்ந்த வீடும் ஒரு காலத்தில் புதுவீடுதான்.

சிமெண்ட் வாசனை போவதற்கு முன்பே அம்மா பின்பக்கம் அரளி நட்டாள். அது ஜன்னலைத் தாண்டி வளர்ந்தபோது இவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா உதிர்ந்த பூக்களை எடுத்து இவள் விரல்களில் செருகிவிடுவாள். விரலுக்கென்றே தைத்த மாதிரி இருக்கும். மஞ்சள் நகங்களோடு இவள் பேயாக வர வேண்டும். அம்மா பயந்து ஓட வேண்டும்.

அம்மா நன்றாகப் பயப்படுவாள்.

சில நாள்கள் விளையாட மாட்டாள். பின்வாசற்படியில் உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அடுப்பு பற்றவைத்திருக்க மாட்டாள். கூப்பிட்டால், வெகு நேரம் கழித்துத் திரும்புவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவின் உடல் வருவதற்குள் அப்பா மரத்தை வெட்டியிருந்தார்.

வெட்டிய இடத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. மரம் என்ன தப்பு செய்தது என்று இவள் கேட்டாள். சித்தி இவள் வாயைப் பொத்தினாள். யார் கேட்டாலும் நெஞ்சுவலி என்று சொல்ல வேண்டும் என்றாள்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பாவும் அதையே சொன்னார்.

முழுப் பொய்யும் இல்லை. கடைசியில் நின்றது இதயம்தான்.

நேற்று ராத்திரி பாப்பா ஒரு வாய் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தாயப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னார்.

அவள் தனக்குப் பிசைந்த சோறும் தட்டிலேயே இருந்தது.

உண்மையைச் சொல்லிவிட்டால் இந்த வீட்டில் அதை யாரும் வேடிக்கையாகச் சொல்ல முடியாது. தலைவலி என்று கதவைச் சாத்திப் படுத்தால் தட்டுவார்கள். கோபித்துக்கொண்டு சாப்பிடாவிட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பாப்பா வளர்ந்த பிறகு அவளையும் அப்படிப் பார்ப்பார்கள்.

சொல்லாவிட்டால் செடி இருக்கும்.

மாமியார் வியாழக்கிழமை ஊருக்குப் போகிறார். சுதாகர் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். பக்கத்து மனைகளில் எல்லைக்கல் மட்டும்தான் நட்டிருக்கிறது. பாப்பா தூங்கிவிட்டால் மத்தியானத்தில் ஒரு சத்தமும் இருக்காது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் நேரே ஐந்தாவது குழி.

அவள் குனிந்து தண்டைப் பிடித்தாள்.

ஓர் இலை முறிந்து, பால் விரலில் பட்டது.

இழுக்கவில்லை. பிடியை விடவும் இல்லை.

"என்னாச்சு?" சுதாகர் சிரிக்கவில்லை.

"எங்கம்மா நெஞ்சுவலில சாகலங்க. அரளி."

அவன் பாப்பாவை மார்போடு சேர்த்துக்கொண்டான். செடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். எங்கோ ஒரு மனையில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

பிறகு அவனும் குனிந்தான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். ஒரே இழுப்பில் பிடுங்கி, சுவருக்கு அப்பால் எறிந்தான்.

குழாயடிக்குக் கூட்டிப்போய் அவள் கையைக் கழுவிவிட்டான். நேற்றே சொல்லியிருக்கலாமே என்றான். தன் அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம், தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். பாப்பாவின் கைக்கு இனி எதுவும் எட்டாது, பயப்படாதே என்றான்.

அவன் நல்லவன் என்பது அவளுக்கு அப்போது இன்னும் அதிகப் பயமாக இருந்தது.

குழாயை மூடினாள்.

"பாப்பாவுக்காக இல்லங்க."

அவன் பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டான்.

"சில நாள் மத்தியானத்துல எனக்கும் தோணுது."