முதுகில் விழுந்த கல்

மனைவியோடு சண்டை முற்றியதும் தணிகாசலம் வழக்கம்போலக் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். மகனைப் பார்க்க இத்தாலி வந்த இடத்திலும் அந்தக் குணம் போகவில்லை. அவர்கள் நடந்துகொண்டிருந்தது என்றோ அடங்கிப்போன ஓர் எரிமலைக் குன்றில். காட்டு நடுவே ரோமானியர் கட்டிய குளியல் மண்டபம் இடிந்து கிடந்தது. அதன் வளைவுக்குள் குட்டிகளோடு நின்ற காட்டுப்பன்றியை மனைவி பரிமளாதான் முதலில் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்தபடி நேரே அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். “என்னங்க!” அவருக்குக் கேட்கவில்லை, பன்றிக்குக் கேட்டது. பிடரி சிலிர்க்க இரண்டடி முன்னால் வந்தது. இனிக் கத்தவும் முடியாது. பரிமளா ஒரு கருங்கல்லைப் பொறுக்கி, குறிபார்த்து அவர் முதுகில் எறிந்தாள். அவர் துள்ளித் திரும்பினார். “கல்லால அடிக்கிற அளவுக்கு வந்துட்டியா நீ?” கத்திக்கொண்டே அவளை நோக்கி வந்தார். அவள் அவருக்குப் பின்னால் கைகாட்டினாள். “கையை வேற நீட்டுறியா?” வரட்டும், திட்டிக்கொண்டே வரட்டும் என்று அவள் பின்வாக்கில் நகர்ந்தாள். பாதி வழியில் அவர் நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது. “நாப்பது வருஷம்டி” என்றபடி அங்கேயே உடைந்த தூண் ஒன்றில் உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பன்றி இறங்கி வந்துகொண்டிருந்தது. பரிமளா அடுத்த கல்லுக்குக் குனிந்தாள்.