ஒருமனதாக

பகல் இரண்டு மணிச் சங்கு இப்போதுதான் ஓய்கிறது. இரும்பாலைத் தொழிற்சங்கத்தின் தகரக் கொட்டகைக்குள் புழுக்கம். எப்போதும் ஓட்டுச் சீட்டு விழுகிற பெட்டி கவிழ்ந்திருக்கிறது; அதன்மேல் தலைவர் மோகன்ராஜின் டீ கிளாஸ். இனிச் சங்கத்துக்குத் தேர்தலே கிடையாது, எல்லாவற்றையும் தலைவரே முடிவு செய்வார் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேற வேண்டும். சுவரோரம் அவருடைய ஆட்கள் கம்பித் துண்டுகளோடு நிற்கிறார்கள். “ஜெர்மன்லயும் இப்டிதாம்பா, ஓட்டு போட்டே ஓட்ட ஒழிச்சாங்க,” என்கிறார் கிரேன் ஓட்டும் ஹனீப். “இது கும்முடிப்பூண்டி பாய். கம்முனு கைய தூக்கு,” என்கிறான் சுவரோரம் ஒருவன். சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்குகிறது. கைகள் ஒவ்வொன்றாக உயர்கின்றன. சேர்ந்து எதிர்ப்போம் என்று நேற்று ஹனீபிடம் சொன்ன மணவாளன், தரையைப் பார்த்தபடி கை தூக்குகிறான். ஹனீபின் கைகள் மட்டும் மடியிலேயே இருக்கின்றன. யாரோ கதவைச் சாத்துகிறார்கள். மோகன்ராஜ் முன்னால் குனிகிறார். “கைல இன்னா வலியா பாய்? நம்ம பசங்க தூக்கி உடட்டுமா?”